நெஞ்சு படபடத்தால் கொழுப்பு எரிகிறது என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு வயது 36. உயரம் 158 செ.மீ., எடை 79 கிலோ. நான்கு வருடமாகத் தைராய்டுக்கு தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். எடை இறங்கவில்லையே என்று வருத்தப்பட்டதும் டிரெய்னர் ஒரு ‘ஃபேட் பர்னர்’ டப்பா கொடுத்தார். காலை வெறும் வயிற்றில் இரண்டு கேப்ஸ்யூல், மாலை ஆறு மணிக்கு ஜிம் போகும் முன் இரண்டு. மூன்று வாரத்தில் 1.8 கிலோ குறைந்துவிட்டது. ஆனால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை லேசாக நடுங்குகிறது, இரவு ஒரு மணி ஆனாலும் தூக்கம் வருவதில்லை. “அதுதான் கொழுப்பு எரியும் அறிகுறி, பயப்படாதீங்க” என்கிறார் டிரெய்னர். டப்பாவிலும் ‘100% இயற்கை’ என்று போட்டிருக்கிறது. லேபிளைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். தொடரலாமா? இது வேண்டாம் என்றால், இப்போது எல்லோரும் பேசும் எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா? குழந்தை பிறந்து ஐந்து மாதமான என் தங்கையும், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், இதே டப்பாவைக் கேட்கிறாள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்த கேப்ஸ்யூலை இன்றே நிறுத்திவிடுங்கள். டப்பாவில் மீதி இருக்கிறதே, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று பார்க்க வேண்டாம். நிறுத்திய மறுநாள் தலைவலியும் அசதியும் வரலாம். காஃபீனுக்குப் பழகிய உடம்பு அப்படித்தான் முரண்டுபிடிக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். வழக்கமாகக் குடிக்கும் காலைக் காபியை அப்படியே வைத்துக்கொண்டால் தலைவலி குறையும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: தைராய்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது. படபடப்புக்குப் பயந்து சிலர் கையில் இருக்கும் எல்லா மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள்.

நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், மயக்கம், மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ந்துபோவது, பேச்சு குழறுவது, இவற்றில் எது வந்தாலும் என் பதிலையோ வேறு யாருடைய பதிலையோ எதிர்பார்த்து உட்காராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சிறுநீர் கறுத்துப் போவது, கண் வெள்ளையில் மஞ்சள் தட்டுவது, உடம்பெல்லாம் அரிப்பு, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல் என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இவை கல்லீரல் கஷ்டப்படுவதன் அடையாளங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி லேபிளை வரிவரியாகப் படித்தேன். ஒரு கேப்ஸ்யூலில் காஃபீன் 125 மில்லிகிராம். நீங்கள் நாளைக்கு நான்கு சாப்பிடுகிறீர்கள். ஆக 500 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவர்கள் ஒரு நாளில் 400 வரையிலும், ஒரே வேளையில் 200 வரையிலும் காஃபீன் எடுத்துக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் வரம்பு சொன்னது. நீங்கள் ஒரு வேளைக்கே 250 எடுக்கிறீர்கள். நாள் முழுதும் குடிக்கும் காபி, டீ எல்லாம் இதற்கு மேல். அடுத்த வரியில் ‘குவாரானா விதைச் சாறு’ என்று இருக்கிறது. ஏதோ ஒரு மூலிகை என்று நினைத்துக் கடந்துபோயிருப்பீர்கள். குவாரானாவும் காஃபீன்தான், காபிக் கொட்டையைவிட அந்த விதையில் காஃபீன் அதிகம். மேலே சொன்ன 125-க்குள் அது அடக்கமா, தனியா என்று லேபிள் சொல்லவில்லை.

அதற்கும் கீழே ‘தெர்மோஜெனிக் கலவை, 640 மி.கி.’ என்று ஒரே ஒரு வரி. அந்த வரிக்குள் ஒன்பது பெயர்கள். யோஹிம்பின், கசப்பு ஆரஞ்சிலிருந்து எடுக்கும் சினெஃப்ரின், பச்சைத் தேயிலைச் சாறு, கார்சீனியா, எல்-கார்னிடைன் என்று போகிறது பட்டியல். மொத்த எடை மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். எது எவ்வளவு என்ற கணக்கு கிடையாது. யோஹிம்பின் 2 மில்லிகிராமா, 20 மில்லிகிராமா என்பதில் ஒருவர் நன்றாக இருப்பதும் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அடங்கியிருக்கிறது. அந்த எண்ணை மறைத்துவிட்டு ‘பாதுகாப்பானது’ என்று எழுதுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. உங்களுக்கும் இருக்கக் கூடாது.

இனி தூக்கம். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்கு 250 மில்லிகிராம் விழுங்கினால் இரவு பதினொரு மணிக்கும் 125 மில்லிகிராம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். திக்காக ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டுப் படுக்கைக்குப் போவதும் இதுவும் ஒன்றுதான். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இந்த நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி இல்லை என்பதால் சொல்லி வைக்கிறேன். ஆகவே தூக்கம் வராமல் தவிப்பது உங்கள் மனக்கவலையால் அல்ல. அந்த ஆறு மணிக் கேப்ஸ்யூலால்.

இப்போது டிரெய்னர் சொன்னதற்கு வருகிறேன். யோஹிம்பினும் சினெஃப்ரினும் அட்ரினலின் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒன்று உடம்பின் அட்ரினல் வகை ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்க வழி விடுகிறது. இன்னொன்று அவற்றைப் போலவே நடிக்கிறது. நாய் துரத்தினால் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, கை நடுங்குமே, குப்பென்று வியர்க்குமே, அதே நிலைமையைத்தான் இவை நாளுக்கு இரண்டு முறை உங்கள் உடம்பில் உண்டாக்குகின்றன. பயந்து நடுங்கியபோதெல்லாம் யாருக்கும் எடை குறைந்ததில்லை. உங்கள் விஷயத்தில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. தைராக்ஸின் மாத்திரையின் அளவு தேவைக்குச் சற்றுக் கூடினாலே இதே படபடப்பு, இதே நடுக்கம், இதே தூக்கமின்மை வரும். தைராய்டு ஹார்மோன் இதயத்தை அட்ரினலினுக்குக் கூடுதலாகக் கூச்சப்பட வைக்கும். அந்த இதயத்தின்மேல் போய் இந்த கேப்ஸ்யூல் சவாரி செய்கிறது. அதோடு ஜிம்மில் மூச்சிரைக்க ஓடவும் செய்கிறீர்கள். படித்தபோது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

“சரி, இதயம் அடிப்பது அடிக்கட்டும், கொழுப்பு கரைகிறதா இல்லையா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொழுப்புச் செல்லுக்குள் கொழுப்பு டிரைகிளிசரைடாகச் சேர்ந்து கிடக்கிறது. காஃபீன், யோஹிம்பின் போன்றவை அதைக் கொழுப்பு அமிலமாகப் பிரித்து ரத்தத்தில் இறக்கிவிடுவது உண்மைதான். விளம்பரத்தில் காட்டும் வரைபடம் இதோடு முடிந்துவிடும். ஆனால் பரணில் கிடந்த மூட்டையைக் கீழே இறக்கி வைப்பது வேறு, அதை வீட்டை விட்டு வெளியேற்றுவது வேறு. ரத்தத்தில் இறங்கிய கொழுப்பு அமிலத்தைத் தசையோ இதயமோ எடுத்து எரித்தால்தான் அது போகும். எரிக்கத் தேவை இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் அது மறுபடியும் டிரைகிளிசரைடாகிப் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள் சாப்பிடுவது செலவழிப்பதைவிடக் குறைவாக இருக்கும் வரைக்கும்தான் மூட்டை வெளியே போகும். இறக்கி வைத்த கூலியாள் யார் என்பதில் ஒன்றும் இல்லை.

எரிந்த கொழுப்பு எங்கே போகிறது தெரியுமா? பலர் வியர்வையில் போவதாக நினைக்கிறார்கள்; சிலர் மலத்தில் என்கிறார்கள். ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை அணு அணுவாகக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சுக்காற்றில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. இளைத்தவர்கள் தங்கள் கொழுப்பின் பெரும்பகுதியை மூச்சாக வெளியே விட்டவர்கள். வியர்வையில் நனைந்த பனியன் கொழுப்பு போனதற்குச் சாட்சி ஆகாது. தண்ணீர் போனதற்குத்தான் சாட்சி.

காஃபீனால் பயன் துளியும் இல்லையா என்றால், துளி இருக்கிறது. 100 மில்லிகிராம் காஃபீன் ஓய்வில் இருக்கும் உடம்பின் செலவை இரண்டரை மணி நேரத்துக்கு 3 முதல் 4 சதவீதம் கூட்டுவதாக 1980-களிலேயே அளந்திருக்கிறார்கள். உங்கள் உடம்பு சும்மா படுத்திருந்தாலே நாளைக்கு ஏறத்தாழ 1,400 கலோரி செலவழிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 3, 4 சதவீதம் நாள் முழுதும் நீடித்தாலும் கூடுதல் செலவு 50 கலோரி. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். வகுத்துப் பாருங்கள்: ஐந்து மாதத்துக்கு ஒரு கிலோ. அதுவும் நடுவில் ஒரு நாளும் அந்த 50 கலோரியைக் கூடுதலாகச் சாப்பிட்டுவிடாமல் இருந்தால். அதுவும் உடம்பு காஃபீனுக்குப் பழகி மரத்துப்போகாமல் இருந்தால். இரண்டுமே நடப்பதில்லை.

அப்படியானால் குறைந்த அந்த 1.8 கிலோ? அதில் பெரும்பங்கு உங்களுடையது என்பது என் கணிப்பு. இரண்டு மாத உடற்பயிற்சி இருக்கிறது. காசு போட்டு மாத்திரை வாங்கியதும் சாப்பாட்டிலும் ஒரு கவனம் வந்திருக்கும், எல்லோருக்கும் வரும். காஃபீன் சில மணி நேரத்துக்குப் பசியை மந்தப்படுத்தும். சாப்பாடு குறைந்தால் கல்லீரலிலும் தசையிலும் சேமித்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு முதலில் கரையும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது அந்தத் தண்ணீரும் போகும். அதனால்தான் எந்த முறையைத் தொடங்கினாலும் முதல் சில வாரம் தராசு தாராளமாக இறங்குகிறது. மாத்திரையை நிறுத்தியதும் அரை கிலோ, முக்கால் கிலோ ஏறினால் மனம் தளராதீர்கள். அது கொழுப்பல்ல, தண்ணீர்.

மற்றப் பெயர்களையும் பார்த்துவிடலாம். கார்சீனியா என்பது குடம்புளி. அதன் தோலில் உள்ள ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம் கொழுப்பு உற்பத்திக்கு உதவும் ஒரு நொதியைத் தடுக்கிறது என்பது சோதனைக்குழாயில் உண்மை. மனிதர்களில்? 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில் 135 பேர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே குறைந்த கலோரி உணவு. ஒரு பாதிப் பேருக்கு கார்சீனியா, மறு பாதிக்கு ஒன்றுமில்லாத போலி மாத்திரை. 12 வாரம் கழித்து நிறுத்துப் பார்த்தபோது கார்சீனியா சாப்பிட்டவர்கள் 3.2 கிலோவும், போலி மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோவும் இறங்கியிருந்தார்கள். உணவு வேலை செய்தது. மாத்திரைக்கு அதில் பங்கே இல்லை. எல்-கார்னிடைன் கொழுப்பு அமிலத்தை, செல்லுக்குள் அதை எரிக்கும் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றிச் செல்லும் வாகனம். அது நம் உடம்பே தயாரிப்பது, பெரும்பாலோருக்குப் பற்றாக்குறையே கிடையாது. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிலோ சொச்சம் வித்தியாசம். ராஸ்பெர்ரி கீட்டோன் எலிகளைத் தாண்டி மனிதர்களிடம் தனியாக நிரூபிக்கப்படவில்லை. பச்சைக் காபிக் கொட்டைச் சாறு ஒரு காலத்தில் பரபரப்பாக விற்றது; அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 16 பேர், அந்தக் கட்டுரையையும் 2014-ல் அதன் ஆசிரியர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பச்சைத் தேயிலைச் சாறு பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். இரண்டு கோப்பை கிரீன் டீ குடிப்பது பற்றி அல்ல நான் சொல்வது. தேயிலையில் உள்ள இஜிசிஜி என்ற பொருளைப் பிழிந்து, செறிவாக்கி, கேப்ஸ்யூலில் அடைத்து, வெறும் வயிற்றில் விழுங்குவது பற்றி. நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் இஜிசிஜியும் அதற்கு மேலும் சப்ளிமென்ட்டாக எடுப்பவர்களிடம் கல்லீரல் நொதிகள் உயர்வதை அதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எடுத்துச் சொன்னது. சிலருக்கு மரபணுவிலேயே அந்தச் சாறு ஒத்துக்கொள்ளாத தன்மை இருக்கிறது. அவர்களுக்குக் குறைந்த அளவே போதும். யாருக்கு அந்த மரபணு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் மஞ்சள் காமாலையோடு என்னிடம் வந்தார். வைரஸ் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன. மது கிடையாது. “ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் “இல்லை டாக்டர்” என்றார். பொய் சொல்லவில்லை அவர். அவர் மனதில் அது மருந்தே இல்லை. நான்காம் நாள் அவருடைய அம்மா துணிப்பையிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்து, “இதைத்தான் தம்பி ரெண்டு மாசமா தண்ணியில கலக்கிக் குடிக்கிறான், இதெல்லாம் மருந்துல சேருமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பச்சைத் தேயிலைச் சாறு, குடம்புளி, இன்னும் பல. நிறுத்தினோம். கண்ணின் மஞ்சள் முழுதாக மறைய ஏழு வாரம் ஆனது. அவர் பிழைத்துக்கொண்டார். அந்த அம்மா அன்று தயக்கத்தை விட்டுக் கேட்டதால்தான் காரணம் பிடிபட்டது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் “மருந்து சாப்பிடுகிறீர்களா” என்று மட்டும் கேட்பதில்லை. “பவுடர், கேப்ஸ்யூல், லேகியம், ஜிம்மில் கொடுத்தது, ஆன்லைனில் வாங்கியது எதுவாவது உண்டா” என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.

‘100% இயற்கை’ என்ற சொல் ஒரு சமாதானமே அல்ல. வில்வ மரத்தில் ஏஜலின் என்ற பொருள் இயற்கையாக இருக்கிறது. அதைச் செயற்கையாகத் தயாரித்து, செறிவாக்கி, ஒரு எடைக்குறைப்பு மாத்திரையில் சேர்த்தார்கள். 2013-ல் ஹவாய் தீவுகளில் திடீரெனக் கல்லீரல் அழற்சியோடு ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்கு வந்தார்கள். விசாரித்தபோது பலரும் அந்த ஒரே மாத்திரையைச் சாப்பிட்டிருந்தார்கள். ஒருவர் இறந்தார், சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை வரை போனது. மரத்தில் இருக்கும்போது இருக்கும் அளவு வேறு, டப்பாவில் இருக்கும் அளவு வேறு.

இன்னொரு ஆபத்து லேபிளிலேயே இருக்காது. சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்து 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கிய மருந்து காணாமல் போகவில்லை. ‘மூலிகை’ கேப்ஸ்யூல்களுக்குள் ஒளிந்துகொண்டது. 2007 முதல் 2016 வரை கலப்படம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்டுபிடித்த எடைக்குறைப்பு சப்ளிமென்ட்டுகள் 317. அவற்றில் 269-ல் இருந்தது சிபுட்ரமின். “இந்த மூலிகை மட்டும் எனக்கு அருமையாக வேலை செய்கிறது” என்று யாராவது சொல்லும்போது என் மனம் முதலில் போவது இங்கேதான்.

கொழுப்பை உண்மையாகவே எரிக்கும் மாத்திரை ஒன்று இருந்தது, இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். டைநைட்ரோபீனால் அதன் பெயர். முதல் உலகப்போரில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் காய்ச்சலும் வியர்வையுமாக இளைத்து, சிலர் இறந்தும் போனார்கள். 1933-ல் ஸ்டான்ஃபோர்டில் மருத்துவர்கள் அதை எடை குறைக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். எடை வேகமாக இறங்கியது. செல்கள் உணவிலிருந்து எடுக்கும் சக்தி எல்லாம் வெறும் சூடாக வீணாகும்படி செய்வதுதான் அது வேலை செய்யும் விதம். அந்தச் சூட்டுக்கு எல்லை கிடையாது. உடம்பு உள்ளேயே வெந்து இறந்தார்கள், இளம் வயதுப் பெண்களுக்குக் கண்புரை விழுந்தது. 1938-ல் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தது. இன்றும் ரகசியமாக இணையத்தில் விற்கிறார்கள், இன்றும் இளைஞர்கள் இறக்கிறார்கள். பிறகு எஃபெட்ரா என்ற மூலிகை வந்தது. மாதத்துக்கு ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவாக இறங்கியது, கூடவே படபடப்பும் மனக்கலக்கமும் மரணங்களும். 2004-ல் அமெரிக்கா அதையும் தடை செய்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் உங்கள் லேபிளில் இருக்கும் சினெஃப்ரின் வந்தது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த வரைக்கும் கொழுப்பு எரிக்கும் சப்ளிமென்ட்டுகள் இரண்டே வகைதான்: சாதுவானவை எடையை அசைப்பதில்லை, எடையை அசைப்பவை சாதுவாக இருப்பதில்லை.

ஒரு மருந்து கடைக்கு வரும் முன் மனிதர்களில் சோதித்து, வேலை செய்கிறது, ஆபத்தில்லை என்று நிரூபிக்க வேண்டும். பல நாடுகளில் சப்ளிமென்ட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டம் அப்படித்தான்: முதலில் விற்கலாம், கெடுதல் தெரிந்தால் அரசு வந்து நிறுத்தும். அந்த நாட்டில் சப்ளிமென்ட் சாப்பிட்டு வருடத்துக்கு ஏறத்தாழ 23,000 பேர் அவசர சிகிச்சைக்கு வருகிறார்கள் என்று 2015-ல் கணக்கிட்டார்கள். படபடப்பு, நெஞ்சுவலி என்று வந்தவர்களில் பத்தில் ஏழு பேர் சாப்பிட்டிருந்தது எடை குறைக்கும் அல்லது ‘எனர்ஜி’ தரும் வகை. அவர்களில் பாதிக்கும் மேல் 20-லிருந்து 34 வயதுக்காரர்கள். இதய நோயாளிகளின் வயதா அது?

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்த்து ரத்த அழுத்தம், நாடி, ஒரு இசிஜி பார்த்துவிடுங்கள். எல்எஃப்டி என்ற கல்லீரல் பரிசோதனையும் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு பரிசோதனையும் எடுங்கள். இதில் ஒரு நுணுக்கம். அந்த ஒன்பது பெயர்களில் கடைசியாக பயோட்டின் என்ற வைட்டமின் இருப்பதைக் கவனித்தேன். அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் பல ஆய்வகக் கருவிகள் ஏமாந்துபோகும். டிஎஸ்ஹெச் இருப்பதைவிடக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோன் கூடுதலாகவும் காட்டும். அதை நம்பி உங்கள் தைராய்டு மாத்திரையைக் குறைத்துவிட்டால் எடை இன்னும் ஏறும். ஆகவே கேப்ஸ்யூலை நிறுத்தி இரண்டு மூன்று நாள் கழித்து ரத்தம் கொடுங்கள்; ஆய்வகத்திலும் சொல்லுங்கள். படபடப்பு ஒரு வாரத்துக்கு மேலும் நீடித்தால் தைராய்டு மாத்திரையின் அளவைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும். அந்த மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, காபி குடிக்க அரை மணியாவது விடுங்கள். காலையில் அதையும் நான்கைந்து சப்ளிமென்ட்டையும் ஒரே கையில் வைத்து விழுங்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

ஊசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை இந்த டப்பாவோடு சேர்த்துப் பேசுவது சரியல்ல. அது முறையாகச் சோதிக்கப்பட்ட மருந்து. கொழுப்பை எரிப்பது அல்ல அதன் வேலை. பசியைக் குறைத்து, வயிறு சீக்கிரம் நிறைந்த உணர்வைத் தருகிறது. அந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமாக்ளூடைடை வைத்து 1,961 பேரிடம் 68 வாரம் நடத்திய ஆய்வில் சராசரியாக 14.9 சதவீத எடை இறங்கியது; போலி ஊசியில் 2.4. உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பிஎம்ஐ 31-க்கு மேல் வருகிறது. ஆகவே மருத்துவரோடு அதைப் பற்றிப் பேசும் தகுதி உங்களுக்கு உண்டு. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். கணைய அழற்சி வந்தவர்களுக்கு யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்; குடும்பத்தில் மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி கூடாது. உங்களுக்கு இருப்பது தைராய்டு குறைபாடு, அது வேறு. கர்ப்பத் திட்டம் இருந்தால் இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவையும் தெரிந்துகொண்டு, மருத்துவர் சீட்டோடு மருந்துக் கடையில் வாங்குவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜிம்மில் கிடைக்கும் ஊசி, தெரிந்தவர் வாங்கித் தரும் ஊசி, வேண்டவே வேண்டாம்.

அதற்கு முன் தூக்கத்தைச் சரி செய்யுங்கள். இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. 2010-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் பத்துப் பேருக்கு ஒரே குறைந்த கலோரி உணவைக் கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் மற்றொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்க வைத்தார்கள். இரண்டிலும் குறைந்த எடை ஏறத்தாழ ஒன்றே, மூன்று கிலோ. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான், மீதி தசை, தண்ணீர் போன்ற கொழுப்பல்லாத எடை. கொழுப்பைக் கரைக்க வாங்கிய கேப்ஸ்யூல் இரவு ஒரு மணி வரை உங்களை விழிக்க வைத்து, கரைய வேண்டிய கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

இரண்டு மாத ஜிம்மில் எடை இறங்கவில்லை என்பதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடற்பயிற்சி மட்டும் தராசை மெதுவாகத்தான் அசைக்கும். பசியையும் அது கூட்டும். இடுப்பைச் சுற்றி ஒரு டேப்பால் அளந்து குறித்து வையுங்கள், எடையை வாரம் ஒரு முறை மட்டும் பாருங்கள். பளு தூக்கும் பயிற்சியை விடாதீர்கள், தசையைக் காப்பது அதுதான். ஒவ்வொரு வேளையும் புரதம் முதலில், இனிப்பான பானங்கள் அடியோடு வேண்டாம். உங்கள் எடையில் ஐந்து சதவீதம், அதாவது நான்கு கிலோ இறங்கினாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காக வைத்த அமெரிக்க ஆய்வில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. 2002-ல் வந்த முடிவு அது, இன்றைக்கும் நிற்கிறது.

டிரெய்னரோடு சண்டை போட வேண்டாம். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். “டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார், பயிற்சியை மட்டும் சொல்லிக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். அவர் அதே டப்பாவை வேறு யாருக்கும் கொடுத்திருந்தால், குறிப்பாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

தங்கைக்கு இது கூடவே கூடாது. காஃபீன் தாய்ப்பாலில் போகும். பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாள் முழுவதற்கும் 200 மில்லிகிராம்தான் வரம்பு, இந்த டப்பாவின் ஒரு வேளையே அதைத் தாண்டுகிறது. யோஹிம்பினும் சினெஃப்ரினும் குழந்தைக்கு என்ன செய்யும் என்று யாரும் சோதித்துச் சான்று கொடுக்கவில்லை. ஐந்து மாதக் குழந்தைக்குப் பால் கொடுப்பவளுக்கு இப்போது வேண்டியது வயிறு நிறையச் சாப்பாடும், கிடைக்கும் நேரத்தில் தூக்கமும். குழந்தை பிறந்த முதல் வருடத்தில் சில பெண்களுக்குத் தைராய்டு அழற்சி வந்து எடை, அசதி, மனச்சோர்வு எல்லாவற்றையும் ஆட்டிப் பார்க்கும். அக்காவாகிய உங்களுக்குத் தைராய்டு இருப்பதால் அவளுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள், லேபிளை அவரும் பார்க்கட்டும். தங்கையையும் கூட்டிப் போய் அவளுக்கும் ஒரு டிஎஸ்ஹெச் எடுத்துவிடுங்கள்.